செனாய் விமான நிலையம்: கூலாய்த் தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்தில், ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்பா விடியுமுன்னே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். அம்மா எங்களை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போவார். பிற்பாடு நான் செனாயில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதனால் கோயில் திருவிழாவானாலும் கல்யாண வீடானாலும், ஏர்போட்டைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் அந்த வேலிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தலைக்கு மேல் விமானம் இறங்குவதைத் தினமும் பார்த்தவர்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது, அது எப்படி அங்கே வந்தது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

செனாய் வருவதற்கு முன்னால் ஜொகூர்க்காரர்கள் எங்கே போய் விமானம் ஏறினார்கள்?

சிங்கப்பூரில். அங்கே 1937ல் காலாங் விமான நிலையம் திறந்தது. 1955ல் அதற்குப் பதிலாக பாயா லேபார் வந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் 1923லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கூலாயில் ரயில் ஏறினால் பாலம் தாண்டி இறங்கிவிடலாம். இந்தப் பக்கம் தனியாக ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற அவசரம் அப்போது இருந்திருக்காது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் மாறியது. 1965ல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967ல் பாலத்தில் கடப்பிதழ் சோதனை வந்தது. இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்திய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972ல் இரண்டாகப் பிரிந்தது. நம் பக்கத்தில் மலேசியன் ஏர்லைன் சிஸ்டம், அந்தப் பக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். உள்நாட்டுப் பயணத்துக்கே பக்கத்து நாட்டுக்குப் போய்த்தான் ஏற வேண்டும் என்ற நிலை ஒரு மாநிலத்துக்கு எத்தனை நாள் ஒத்துவரும்? பிரிந்த இரண்டே ஆண்டில், 1974ல், செனாய் திறந்தது. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அது ஏன் அப்போது வந்தது என்பது விளங்கும்.

தோட்டத்து ஆட்கள் அந்தக் காலத்தில் விமானத்தில் போனார்களா?

போனது துரைமார்கள். நம் ஆட்களுக்குக் கப்பல்தான். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ரஜுலா கப்பல் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது அதன் பாதை. என் தாத்தா அதில் மேல்தளப் பயணியாக வந்தவர். பாயும் தகரப்பெட்டியும் ஒரு பானையும் தவிர வேறு எதுவும் கொண்டுவரவில்லை என்று பாட்டி சொல்வார்.

1969ஐ இங்கே சொல்லாமல் போக முடியாது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதி எடுக்க வேண்டும் என்று 1968ல் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் அனுமதி கிடைக்காமலும், கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்திலும் 1969 வாக்கில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பல வீடுகளில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. என் அம்மாவின் அக்கா குடும்பமும் அப்படித்தான் போனது.

ரஜுலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோனது. அதன் பிறகு போக வேண்டுமென்றால் விமானம்தான். தோட்டச் சம்பளத்தில் அந்த டிக்கெட்டை எடுக்க முடியாது. நாள் கூலிக்கு வெட்டியவர்கள், பிரிந்து போன உடன்பிறப்பின் சாவுக்குக் கூடப் போய்ச் சேர முடியாத காலம் அது. செனாயில் விமானம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜொகூர் பாருவில் கட்டாமல் ஏன் செனாயில் கட்டினார்கள்?

ஜொகூர் பாரு, தெப்ராவ் நீரிணைக்கு அணைந்தாற்போல் நிற்கும் ஊர். அங்கே கிலோமீட்டர் கணக்கில் நேராக, சமதளமாக, வீடு இல்லாத நிலம் கிடைப்பது கஷ்டம். செனாய் அங்கிருந்து வடமேற்கே 30 கிலோமீட்டர் போல. பெரிய மேடு பள்ளம் இல்லை. 1909ல் முடிந்த ஜொகூர் ரயில் பாதையும் பழைய நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே போகின்றன.

இன்னொன்று வானம். தெற்கு ஜொகூருக்கு மேலே இருக்கும் வான்வெளியின் போக்குவரத்துக் கட்டுப்பாடு, 1974ல் செய்த ஓர் ஏற்பாட்டின்படி சிங்கப்பூரிடம் இருக்கிறது. செனாய் திறந்ததும் அதே ஆண்டு. இந்த விஷயம் 2018 கடைசியில் பெரிய பேச்சானது. சிங்கப்பூரின் செலேத்தார் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க உதவும் கருவி முறைக்கு எதிராக, ஜொகூரின் பாசிர் கூடாங் மேலே மலேசியா தடை வான்பகுதி அறிவித்தது. 2019ல் இரு தரப்பும் பேசி இரண்டையும் விலக்கிக்கொண்டார்கள். செனாய்க்கு, சிங்கப்பூரின் பெரிய விமான நிலையமான சாங்கி எவ்வளவு பக்கம் என்பது தரையில் நின்று பார்த்தால் தெரியாது. மேலே இருக்கும் விமானிக்கு இரண்டும் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகள் மாதிரி.

செனாய் சுற்றுவட்டாரம் முழுக்கத் தோட்டமாகவா இருந்தது?

ஆமாம், தோட்டமும் கம்பமும் (மலாய்க் கிராமம்) புதுக்கிராமமும். கூலாய் பெசார், சுவீ லாம், செடெனாக், கூலாய் யங் என்று பெயர் சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே முகங்கள் ஞாபகம் வரும். அவற்றில் சில தோட்டப் பெயர்கள் இன்றைக்குத் தமிழ்ப்பள்ளிப் பெயர்களாக நிலைத்து நிற்கின்றன. செனாய்ப் புதுக்கிராமம், அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க வெளிக்காட்டு மக்களைக் கூட்டி வைத்த காலத்தில் உருவானது.

முதலில் எல்லாம் பால்மரம். 1960களிலிருந்து ரப்பர் விலை நிலையில்லாமல் போகப் போக, எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறினார்கள். பால்மரம் வெட்ட ஆள் நிறைய வேண்டும், செம்பனைக்குக் குறைவாகப் போதும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடுகள் காலியாகத் தொடங்கியது அப்போதிருந்துதான். விமான நிலையத்தால்தான் தோட்டம் போயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தோட்டம் தன் கணக்கில் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தது. பின்னால் வந்த தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் வீடமைப்புத் திட்டமும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன.

சுல்தான் இஸ்மாயில் விமான நிலையம் என்று பெரியவர்கள் சொல்வது எது?

அதே இடம்தான். 1959 முதல் 1981 வரை ஜொகூரை ஆண்டவர் சுல்தான் இஸ்மாயில். அவர் பெயரில் முன்பு அழைக்கப்பட்டது. இப்போது செனாய் அனைத்துலக விமான நிலையம். டிக்கெட்டில் ஜேஎச்பி என்று மூன்றெழுத்து இருக்கும், ஜொகூர் பாரு என்பதன் சுருக்கம்.

ஓடுபாதை அவ்வளவு நீளமா? 16, 34 என்று எழுதியிருப்பது என்ன?

3,800 மீட்டர். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சுபாங்கில் இருப்பது 3,780 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நாட்டின் வாசலாக இருந்த விமான நிலையத்தை விட நம் செனாயின் பாதை கொஞ்சம் நீளம்.

ஏன் இவ்வளவு? சுபாங்கிலிருந்து வரும் ஏடிஆர் ரக விசிறி விமானத்துக்கு 1,300 மீட்டர் போல இருந்தாலே ஏறிவிடும். ஏர்ஏசியா ஓட்டும் ஏர்பஸ் 320க்கு அதற்கும் மேலே வேண்டும். வயிறு நிறையச் சரக்கும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு தூர தேசம் போகும் பெரிய விமானத்துக்குத்தான் மூன்று கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். காற்று சூடானால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எஞ்சினின் உந்து பலமும் குறையும். அதே பாரத்தை குளிர் நாட்டில் தூக்குவதை விட இங்கே தூக்க அதிக தூரம் ஓட வேண்டும்.

16, 34 என்பது திசை. காந்த ஊசியில் 160 பாகையைக் கடைசிச் சுழியை விட்டுவிட்டு 16 என்று எழுதுவார்கள். எதிர்முனையிலிருந்து வந்தால் 340, அதாவது 34. இரண்டுக்கும் எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும். விமானம் காற்றை எதிர்த்து ஏறுவதும் இறங்குவதும்தான் நல்லது. அதனால் காலையில் ஒரு பக்கமாகப் போகும் விமானம் மாலையில் எதிர்ப்பக்கமாகப் போவதைப் பார்க்கலாம். சின்ன வயதில் விமானிகள் வழி மறந்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கோயில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, விமானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதை அரசாங்கம் நடத்துகிறதா, தனியாரா?

தனியார். முதலில் எல்லா விமான நிலையங்களையும் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையே நடத்தியது. 1992ல் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனம் அமைந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. செனாய் 2003ல் அதிலிருந்து பிரிந்து செனாய் ஏர்போர்ட் டெர்மினல் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அது இப்போது எம்எம்சி குழுமத்தைச் சேர்ந்தது. பாதுகாப்பு விதிகளும் உரிமங்களும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அவை சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு.

ஏர்ஏசியா ஒரு காலத்தில் செனாயைப் பெரிதாக்கியது என்கிறார்களே?

உண்மை. 2001ல் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் கடனில் மூழ்கியிருந்த அந்த நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். 2003ல் செனாயைத் தங்கள் இரண்டாவது தளமாக்கினார்கள். அதே ஆண்டு பாங்காக்குக்கும் பறக்கத் தொடங்கினார்கள். கணக்கு சுலபம்: சிங்கப்பூர்க்காரர் பாலம் தாண்டி வந்தால் குறைந்த விலையில் பறக்கலாம். 1998ல் திறந்த இரண்டாவது பாலத்தின் நெடுஞ்சாலை செனாய் வரை வருவதால் வழியும் உண்டு.

நினைத்த அளவுக்கு அது வளரவில்லை. சிங்கப்பூரிலும் மலிவு விமானங்கள் வந்துவிட்டன. பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்று, இரண்டு தடவை முத்திரை வாங்கி, அப்புறம் செனாய்க்குக் காடி பிடித்து மிச்சம் பிடிக்கும் பணத்தை விட, சாங்கிக்கு ரயிலில் போவது பலருக்குச் சௌகரியமாகப் போயிற்று. இந்தப் பக்கம் கோலாலம்பூரோ எல்லா வெளிநாட்டுச் சேவைகளையும் தன்னிடம் இழுத்துக்கொண்டது. இரண்டு பெரிய ஆலமரத்துக்கு நடுவில் நட்ட செடி மாதிரி செனாயின் நிலை.

ஆனாலும் அந்த ஆண்டுகளில்தான் நம் ஆட்கள் முதல் முறை விமானம் ஏறினார்கள். மலிவு டிக்கெட் வந்த பிறகுதான் தோட்டத்திலிருந்து ஒருவர் சும்மா சுற்றிப் பார்க்க பினாங்குக்குப் பறந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

செனாயிலிருந்து எங்கெல்லாம் போகலாம்?

கோலாலம்பூர், சுபாங், பினாங்கு, கூச்சிங், கோத்தா கினாபாலு ஆகியவை முக்கியமானவை. அட்டவணை அடிக்கடி மாறும், விமான நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சபா, சரவாக் வழிகள்தான் இந்த இடத்தின் உயிர். அங்கிருந்து வந்து ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு நடுவில் கடல், பஸ் கிடையாது.

கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போவது நல்லதா, விமானமா?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுதாகத் திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் முன்னாலேயே போய் நிற்பதையும், கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் இறங்கி ஊருக்குள் வருவதையும் கூட்டினால் பஸ் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சிப்பாங்கிலிருந்து வேறு விமானம் மாற வேண்டுமென்றால் விமானத்தில் போங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கென்றால் பஸ்ஸே போதும். கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டை மின்ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். கூலாயும் அந்த வழியில்தான், ரயிலையும் கணக்கில் வையுங்கள்.

நீங்கள் சரக்கில் இருந்தவர் என்கிறீர்கள். செனாயிலிருந்து என்ன சரக்கு போகும், எப்படி?

இதைக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன்.

செனாய், கூலாய், ஸ்கூடாய் சுற்றிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைய. பாரம் குறைவு, விலை அதிகம், சீக்கிரம் போக வேண்டும் என்கிற பொருள்தான் விமானத்தில் ஏறும். சோபா ஏறாது, சர்க்யூட் பலகை ஏறும். அதோடு கூச்சிங்குக்கும் கினாபாலுக்கும் போகும் அன்றாடச் சாமான்கள்: மருந்து, உதிரிப்பாகம், ஆன்லைனில் வாங்கிய பொட்டலங்கள்.

சரக்குக்குப் பணம் எடைக்கு என்று எல்லாரும் நினைப்பார்கள். பாதிதான் சரி. விமானத்தில் எடையைப் போலவே இடமும் காசு. அதனால் பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்போம். 60க்கு 50க்கு 40 பெட்டி என்றால் 1,20,000. வகுத்தால் 20 கிலோ. பெட்டிக்குள் 8 கிலோ பஞ்சுத் தலையணைதான் இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்ட வேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறவர்கள் பெட்டியைச் சின்னதாகப் பிடியுங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

ஒவ்வொரு சரக்குக்கும் ஏர்வே பில் என்று ஒரு சீட்டு. அதில் 11 இலக்கம். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்துடையது, மலேசியா ஏர்லைன்சுக்கு 232. பிறகு எட்டு. அந்த எட்டில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன்: முன்னால் உள்ள ஏழு இலக்க எண்ணை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. யாராவது ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கிராணி (எழுத்தர்) வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைக் கற்றபோது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைத்த ஆசிரியரை மனதுக்குள் கும்பிட்டேன்.

இதில் மனக்குறையும் உண்டு. ஜொகூரில் செய்த பொருளில் பெரும் பகுதி லாரியில் ஏறிச் சாங்கிக்கோ சிப்பாங்குக்கோ போய் அங்கிருந்துதான் பறக்கிறது. அங்கே விமானம் அதிகம், நேரமும் அதிகம். விமானம் அதிகம் வந்தால் சரக்கு வரும், சரக்கு வந்தால்தான் விமானம் வரும். எது முதலில் என்பதுதான் சிக்கல். 3,800 மீட்டர் பாதை காத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் போக எது நல்ல வழி?

இரண்டு வழி. ஒன்று, செனாயிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ மாறுவது. திருச்சிக்கு ஏர்ஏசியா 2008 டிசம்பரில் பறக்கத் தொடங்கியதிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களைப் பார்ப்பது எளிதாகிவிட்டது. இன்னொன்று, பாலம் தாண்டிச் சாங்கியிலிருந்து நேராகப் பறப்பது. கையில் நிறையச் சாமானும் கூடவே வயதானவர்களும் இருந்தால் பாலத்து வரிசை கஷ்டம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். ஒரு தடவை நாலு காசு மிச்சம் பிடிக்க இரண்டு தனி டிக்கெட் எடுத்தேன். முதல் விமானம் தாமதமானது. இரண்டாவது நிறுவனம் காத்திருக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அம்மாவும் நானும் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது.

அந்தப் பயணத்தில் அம்மாவுக்கு வயது 71. நாற்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்தவர், முதல் தடவை விமானம் ஏறினார். செனாயை விட்டுக் கிளம்பியதும் ஜன்னலில் செம்பனை வரிசை வரிசையாகத் தெரிந்தது. 'மேலேயிருந்து பார்த்தால் நெரை கோணாமல்தான் இருக்கிறது' என்றார்.

கோயிலுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொண்டுபோகும் சாமானில் எதை வைக்கக் கூடாது?

சூடம் வைக்காதீர்கள். பற்றி எரியும் திடப்பொருள், அபாயப் பொருள் பட்டியலில் 4.1 பிரிவு. கொப்பரைத் தேங்காயும் கூடாது. எண்ணெய் அதிகமுள்ள கொப்பரை அடைத்த இடத்தில் தானாகவே சூடேறும், அது 4.2 பிரிவு. இந்தியாவில் இதைக் கண்டிப்பாகப் பிடிப்பார்கள். பட்டாசு, மத்தாப்பு சொல்லவே வேண்டாம். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் ஊறுகாயும் நல்லெண்ணெயும் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பெரிய பெட்டியில் போடுங்கள்.

மழை, புகைமூட்டம் என்றால் விமானம் ஏன் நிற்கிறது?

மழையை விட இடிதான் காரணம். நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடி இடிப்பது வழக்கம். மின்னல் பக்கத்தில் வந்தால், வெட்ட வெளியில் நிற்கும் ஆட்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். பெட்டி ஏற்ற ஆள் இல்லை, எண்ணெய் நிரப்ப ஆள் இல்லை, அதனால் விமானம் நிற்கும். கீழே வேலை பார்ப்பவர் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை, கோபப்படாதீர்கள்.

புகைமூட்டம் வேறு. 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746 வரை போய், மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் விமானிக்கு ஓடுபாதை கண்ணில் படாது. கருவி உதவியோடு கீழே வந்தாலும் கடைசிக் கட்டத்தில் பாதை தெரிந்தால்தான் இறங்க விடுவார்கள்.

விமான நிலையம் பக்கத்தில் பட்டமோ ட்ரோனோ விடலாமா?

கூடாது. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். இறங்கும் நேரத்தில் எஞ்சினுக்குள் சின்னப் பொருள் போனாலும் ஆபத்து. பறவைகளுக்கும் அதே பயம்தான். செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கப் பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பார்களே, தோட்டத்துக்கு அது தோழன், ஓடுபாதைக்கு அது தொந்தரவு. குப்பையைத் திறந்த வெளியில் கொட்டாமல் இருந்தாலே பறவை பாதி குறையும்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கேட்பவர்தான் குறைவு. பெற்றோர் கேட்பது பைலட் வேலை. அது நல்ல வேலைதான், படிக்க லட்சக்கணக்கில் ரிங்கிட் வேண்டும். அதற்குக் கீழே நிறையக் கதவுகள் இருக்கின்றன, அவற்றை யாரும் தட்டுவதில்லை.

விமானப் பராமரிப்பு ஒன்று. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் நன்றாக இருந்தால், பந்திங் பாலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்புப் பாடம் உண்டு. டெங்கிலில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. விமானப் பொறியியலுக்கு ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கூலாயிலிருந்து அரை மணி நேரம். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்து போடாமல் விமானம் கிளம்பாது. எவ்வளவு மரியாதையான கையெழுத்து அது! பிறகு சரக்குப் பிரிவு, சுங்க ஆவண வேலை, தீயணைப்பு, பாதுகாப்பு, பாரம் ஏற்றும் கணக்குப் பார்ப்பவர். வேலியின் இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேலை என்பதில் எனக்கு அவ்வளவு ஆசை. எஸ்பிஎம் முடித்த பிள்ளையை முதலில் கிடைக்கும் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன், ஒரு தடவை இந்தப் பாடங்களை விசாரியுங்கள்.

இனிமேல் இந்தப் பக்கம் எப்படி மாறும்?

ஏற்கெனவே மாறிவிட்டது. 2006ல் தெற்கு ஜொகூருக்கான இஸ்கந்தார் மலேசியா வளர்ச்சித் திட்டம் வந்தபோது செனாய்-ஸ்கூடாய் அதன் ஒரு முக்கிய மண்டலமானது. செனாயில் தொடங்கி டெசாரு வரை 77 கிலோமீட்டர் நெடுஞ்சாலை 2011ல் முழுதாகத் திறந்தது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்தானது. கூலாய் யங் தோட்ட நிலத்தை ஒய்டிஎல் குழுமம் வாங்கி அங்கே தரவு மையங்கள் கட்டுகிறது. செடெனாக்கிலும் அதே தொழில்தான் வருகிறது. என் சித்தப்பா பால் வாளி தூக்கிய மண்ணில் இப்போது கணினிகளைக் குளிரவைக்கக் குழாய் பதிக்கிறார்கள்.

தோட்டம் விற்கப்படும்போது கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: வீடு எங்கே, கோயில் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, இழப்பீடு எவ்வளவு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி லயத்தை விட்டு இறங்கியவர்கள் பட்டபாடு எங்களுக்குத் தெரியும்.

வழியனுப்ப வருபவர்கள் எதுவரை போகலாம்? பாட்டிக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா?

பெட்டி போடும் இடம் வரையும் கடைகள் வரையும் யாரும் வரலாம். பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் ஏறுபவர் மட்டும்தான். இருபது பேர் வந்து மாலை போட்டு அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டு, தாராளமாகச் செய்யுங்கள், வரிசையை மறிக்காமல் ஓரமாக நின்றுகொண்டால் போதும். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் காத்திருக்க வேண்டியிருக்கும். படி ஏற முடியுமா, முடியாதா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். விசிறி விமானத்தில் ஏணிப்படி உண்டு, படி ஏற முடியாதவர்களுக்குத் தூக்கு வண்டியை ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.